கிரியோல் பேசுகிறவர் எல்லாரும் கிரியோலா? மொரீஷியஸ், ரெயூனியன், நியூ ஆர்லியன்ஸ், மட்டக்களப்பு (விவாத இழை)

போர்ட்லூயி_கதிர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய செய்தி மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 மே மாதம் பதினான்காம் லியோ போப்பாண்டவர் ஆனபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் குடும்பத்தினர் என்று வந்ததே, அதுதான். யாரோ அதைத் தமிழில் போடும்போது "கிரியோல் என்ற கலப்பு மொழி பேசும் கலப்பினத்தவர்" என்று எழுதிவிட்டார்கள். மொழியைக் குறிக்கிற சொல் வேறு, ஆட்களைக் குறிக்கிற சொல் வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டினால் இப்படித்தான் வரும்.

நான் வேலைக்காக மொரீஷியஸில் இருக்கிறேன். இங்கே இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் தெருவில் இறங்கினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இந்தத் தீவில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் பேசுகிற மொழி கிரியோல். போஜ்பூரிக்காரர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் சீனர் கடையிலும் அதுதான். போர்ட் லூயி மார்க்கெட்டில் காய்கறி விற்கிற தமிழ் அம்மா என்னிடம் "கி மான்யேர்?" என்று நலம் விசாரித்துவிட்டு, கறிவேப்பிலைக் கட்டை எடுத்து "காரிபூலே" என்று சொல்லிக் கொடுப்பார். முருங்கைக்கீரைக்கு "ப்ரேட் மூரூம்". இரண்டும் நம் சொற்கள், ஆனால் அவர் பேசுவது முழுக்க கிரியோல் மொழி. அவரிடம் "நீங்கள் கிரியோலா?" என்று கேட்டால் "இல்லை, நான் தமூல்" என்பார், கொஞ்சம் அழுத்தமாகவே. இங்கே "கிரியோல்" என்று ஒருவரைச் சொன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்தில் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த, பெரும்பாலும் கத்தோலிக்கரான சமூகத்தவர் என்று பொருள். மொழி எல்லாருக்கும் சொந்தம், பெயர் மட்டும் ஒரு சமூகத்தின் தலையில். இது எப்படி நடந்தது, மற்ற இடங்களில் எப்படி என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கதிர், நீங்கள் சொல்வது சரி, ஆனால் இதில் இவ்வளவு சிக்கல் இருக்கிறதா? கலந்து பிறந்த மொழி கிரியோல், கலந்து பிறந்த மக்கள் கிரியோல். நம் அகராதிகளிலும் இப்படித்தான் பார்த்த நினைவு. ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதானே. அப்படிப் பார்த்தால் சென்னையில் பிள்ளைகள் பேசுகிற தங்கிலீஷும் ஒரு கிரியோல்தான் என்பது என் எண்ணம். கலப்பு இருக்கிறது, புது மொழியாக வளர்ந்தும் வருகிறது.

சொல்லாய்வி எழுதியது:

வைகைக்கரை ஐயா, இரண்டுமே இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்கள். போர்ச்சுகீசியத்தில் "க்ரியார்" என்றால் வளர்ப்பது. அதிலிருந்து "க்ரியோலோ", அதாவது வீட்டில் பிறந்து வளர்ந்தது. பிரேசில் போன்ற இடங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்த அடிமைக்கும், எசமான் வீட்டிலேயே பிறந்த அடிமைக்கும் வேறுபாடு காட்ட இந்தச் சொல் வந்தது. ஸ்பானியர் இதை "க்ரியோஜோ" என்று எடுத்துக்கொண்டு தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள்: ஸ்பெயினில் பிறந்து வந்தவன் தீபகற்பத்தான், அமெரிக்கக் குடியேற்றத்தில் ஸ்பானியத் தாய்தந்தைக்குப் பிறந்தவன் க்ரியோஜோ. இதில் கலப்பு எங்கே இருக்கிறது? தென் அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய சிமோன் பொலிவார் 1783இல் கராகஸில் பிறந்தவர், பெரும் நிலக்கிழார் குடும்பம், க்ரியோஜோ. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபின் 1763இல் மார்ட்டினிக் தீவில் கரும்புத் தோட்ட முதலாளி வீட்டில் பிறந்த வெள்ளைக்காரப் பெண், அவரையும் கிரியோல் என்றுதான் சொன்னார்கள். அதே மார்ட்டினிக்கில் அதே தோட்டத்தில் பிறந்த அடிமைக் குழந்தையும் கிரியோல்தான். அப்போது அந்தச் சொல் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நீ இங்கே பிறந்தவனா, வெளியிலிருந்து வந்தவனா? தோலின் நிறம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது, அதுவும் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு விதமாக. பிரேசிலில் இன்று "க்ரியோலோ" என்றால் கறுப்பரை இழிவாகச் சொல்வது, பெரு நாட்டிலோ கடற்கரைப் பக்கத்து இசைக்கும் சமையலுக்கும் பெருமையாகச் சூட்டுகிற பெயர். ஒரே வேர்.

மொழியின் கதை வேறு. குடியேற்ற மண்ணில் பிறந்தவர்களின் பேச்சு என்பதால் அதற்கும் அதே பெயர் வந்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹ்யூகோ ஷுகார்ட் போன்ற மொழியியலாளர்கள் இந்தப் பேச்சுகளை முறையாகப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள் (அவர் கொச்சி, டையூ போர்ச்சுகீசியத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்), அப்புறம் அது ஒரு மொழி வகையின் பெயரே ஆகிவிட்டது. இன்று பாப்புவா நியூ கினியின் டோக் பிசினையும் மொழியியலில் கிரியோல் என்கிறோம். ஆனால் அங்கே யாரும் தன்னைக் கிரியோல் மனிதன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே மொழியை வைத்து ஆளின் வம்சத்தைச் சொல்ல முடியாது, வம்சத்தை வைத்து மொழியையும் சொல்ல முடியாது.

தங்கிலீஷ் கிரியோல் இல்லை. "நான் அந்த ஃபைலை டவுன்லோட் பண்ணிட்டேன்" என்பதில் ஆங்கிலச் சொல் இரண்டு இருக்கிறது, ஆனால் "ஐ", "பண்ணிட்டேன்" எல்லாம் தமிழ் இலக்கணம். பேசுகிறவருக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் ஏதோ அளவில் தெரியும், தேவைக்கு மாறிக்கொள்கிறார். கிரியோல் பிறந்த இடத்தில் அந்த வசதி இல்லை. மூன்று நான்கு மொழிக்காரர்களை ஒரே தோட்டத்தில் அடைத்துவைத்து, ஒருவருக்கொருவர் பேச எசமானின் மொழியில் கிடைத்த துண்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்ற நிலையில், புது இலக்கணத்தோடு புது மொழி வந்தது. அடுத்த தலைமுறைக்கு அதுவே தாய்மொழி.

வைகைக்கரை எழுதியது:

பொலிவார் செய்தி எனக்குப் புதிது, நன்றி. தங்கிலீஷை விட்டுவிடுகிறேன். ஆனால் "புது இலக்கணம்" என்கிறீர்களே, அது எனக்குப் பிடிபடவில்லை. மொரீஷியஸ் கிரியோலைக் கேட்டால் உடைந்த பிரெஞ்சு மாதிரிதானே இருக்கிறது? பிரெஞ்சு தெரிந்த என் நண்பன் பாதி புரிகிறது என்றான்.

போர்ட்லூயி_கதிர் எழுதியது:

உடைந்த பிரெஞ்சு என்ற பேச்சை இங்கே பள்ளிக்கூடத்திலேயே எத்தனை பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள் தெரியுமா. அதனால் இதற்கு மட்டும் விவரமாகவே பதில் எழுதுகிறேன்.

"சாப்பிடு" என்பதற்கு இங்கே "மான்ஸே". வினைச்சொல் பிரெஞ்சில் போல ஆளுக்கு ஏற்ப முடிவு மாறாது. காலத்தை வினைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் காட்டும். "மோ பே மான்ஸே" என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். "மோ தி மான்ஸே" சாப்பிட்டேன். "மோ ஃபின் மான்ஸே" சாப்பிட்டாயிற்று. "மோ பூ மான்ஸே" சாப்பிடுவேன். இவற்றைச் சேர்த்தும் அடுக்கலாம், "மோ தி பே மான்ஸே" என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எது முன்னே எது பின்னே என்பதற்குக் கட்டான ஒழுங்கு உண்டு, மாற்றிச் சொன்னால் நாலு வயதுப் பிள்ளை திருத்தும். அப்புறம் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். பிரெஞ்சில் வீட்டுக்கு முன்னால் வருகிற "லா" என்ற சுட்டு இங்கே சொல்லோடு ஒட்டிப்போய் "லாகாஸ்" என்பதே வீடு. தண்ணீர் "திலோ", நாய் "லிஸ்யேன்". இந்த ஒட்டிய பகுதி இப்போது சுட்டாக வேலை செய்வதே இல்லை, அதனால்தான் "அந்த வீடு" என்று சொல்லப் பின்னால் இன்னொரு "லா" போட்டு "லாகாஸ் லா" என்கிறார்கள். பன்மைக்கு முன்னால் "பான்": பான் ஸான்ஃபான், குழந்தைகள். பிரெஞ்சுக்காரர் பாதி புரிகிறது என்பது சொற்கள் அங்கிருந்து வந்ததால். மலையாளப் படம் பார்த்துப் பாதி புரிகிறவர் மலையாளத்தை உடைந்த தமிழ் என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

2004இல் "கிராஃபி லார்மோனி" என்ற எழுத்துமுறை முன்வைக்கப்பட்டது, 2011இல் அரசு ஏற்ற எழுத்திலக்கணம் வந்தது, 2012 முதல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடம். நாடு விடுதலை அடைந்தது 1968. இடையில் எத்தனை வருடம் என்று பாருங்கள்.

சொல்லாய்வி எழுதியது:

கதிர் எழுதியதற்குத் துணையாக ஒன்று. இந்த மொழிகள் எப்படிப் பிறந்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. டெரெக் பிக்கர்ட்டன் 1980களில், குழந்தைகளின் மூளையில் பிறவியிலேயே இருக்கிற மொழித் திட்டம்தான் இந்த இலக்கணத்தைக் கொடுத்தது என்றார். ராபர்ட் ஷோதென்சன் அதை ஏற்கவில்லை. தொடக்க காலத்தில் சின்னச் சின்னப் பண்ணைகளில் அடிமைகள் எசமானின் பேச்சுக்கு ஓரளவு நெருக்கமான பிரெஞ்சைக் கற்றார்கள், பெருந்தோட்டம் வந்தபிறகு அடுத்தடுத்து வந்தவர்கள் அவர்களிடம் கற்று விலகிக்கொண்டே போனார்கள் என்பது அவர் வாதம். மொரீஷியஸ் மொழி பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து போனதா, தனியாகப் பிறந்ததா என்பதில் அவரும் பிலிப் பேக்கரும் எதிரெதிர் பக்கம். ஹெய்ட்டியைச் சேர்ந்த மிஷெல் தெக்ராஃப், கிரியோல் மொழிகளை மட்டும் தனிப்பிறவி மாதிரி ஒதுக்கிவைப்பதே காலனிக்காலப் பார்வையின் மிச்சம் என்கிறார். எனக்கு அவர் சொல்வதில் நிறைய நியாயம் தெரிகிறது. ஹெய்ட்டி 1804இல் அடிமைகள் போராடி வென்று உருவான நாடு, அங்கே எல்லாரும் பேசுவது கிரெயோல், ஆனாலும் அது பிரெஞ்சுக்குச் சமமான ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் ஏறியது 1987இல்தான். இலக்கணத்தில் குறை இருந்து இந்தத் தாமதம் வரவில்லை.

செந்தெனி_செல்வி எழுதியது:

கதிர் தம்பி, நான் பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் பிறந்தவள், கல்யாணமாகி வந்தது முதல் ரெயூனியனில்தான் இருக்கிறேன். உங்கள் மார்க்கெட் அம்மா "நான் கிரியோல் இல்லை" என்கிறாரே, இங்கே என் மாமியாரிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர்கள். வீட்டில் மாரியம்மன் படம், தைப்பூசத்துக்குக் காவடி, தீமிதி எல்லாம் உண்டு, குடும்பப் பெயரும் தமிழ்தான். அவர் தன்னை "மல்பார்" என்று சொல்லிக்கொள்வார், அதே மூச்சில் "க்ரெயோல்" என்றும் சொல்வார். இங்கே இரண்டுக்கும் முரண்பாடே கிடையாது.

இந்தத் தீவில் தோலுக்கும் வம்சத்துக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. ஆப்பிரிக்க வழியினர் காஃப், தமிழர் வழியினர் மல்பார், குஜராத் முஸ்லிம்கள் ஸராப், சீனர் சினுவா, மலைப்பக்கத்து ஏழை வெள்ளையர் யாப். இவர்கள் அத்தனை பேரும் க்ரெயோல். யார் க்ரெயோல் இல்லை என்றால் பிரான்ஸிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இறங்குகிறவர், அவருக்கு "ஸொரேய்" என்று பெயர். சொல்லாய்வி சொன்ன "இங்கே பிறந்தவனா, வெளியிலிருந்து வந்தவனா" என்ற பழைய கேள்வி எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1946 மார்ச்சிலிருந்து இது பிரான்ஸின் ஒரு மாவட்டம், எதிரே நிற்கிற வெளியாள் எப்போதும் பாரிஸ்காரர்தான். அதனால் உள்ளூரார் எல்லாரும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன், ரெயூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் போய்வருகிற தமிழர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். இங்கே மல்பார் என்றால் தமிழர். மொரீஷியஸில் மல்பார் என்றால் வட இந்திய வழி இந்துக்கள், தமிழருக்கு அங்கே "மத்ராஸ்" என்று பெயர். விமானத்தில் முக்கால் மணி நேரம்தான் தூரம்.

போர்ட்லூயி_கதிர் எழுதியது:

செல்வி அக்கா, நீங்கள் சொன்னது எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்விக்கு நேராகப் போகிறது. மொரீஷியஸில் ஏன் அப்படி ஆகவில்லை?

நான் படித்தும் இங்கே உள்ளவர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டது இது. 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னாலேயே, 1834இல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள், 1920கள் வரை வந்தவர்கள் ஏறத்தாழ 4,50,000 பேர். விடுதலை பெற்ற கிரியோல்கள் கரும்புத் தோட்டத்தை வெறுத்து விலகிக் கடலோரக் கிராமங்களுக்கும் துறைமுகத்துக்கும் போனார்கள், தோட்டத்தில் இந்தியர் வந்து உட்கார்ந்தார்கள். சில பத்தாண்டுகளில் இந்திய வழியினர் பெரும்பான்மை. அவர்களுக்குக் கோயில், பூர்விக மொழி, ஊர் நினைவு எல்லாம் இருந்தன. அடிமைகளிடமிருந்து பெயர் முதற்கொண்டு பறித்துவிட்டதால் கிரியோல்களுக்குக் காட்ட ஒரு "பூர்விக மொழி" இல்லை. அவர்கள் உருவாக்கிய மொழியோ ஊர் முழுக்கப் பரவி எல்லாருடையதும் ஆகிவிட்டது, அதனால் அதை அவர்களுடைய சொத்தாக யாரும் கணக்கில் வைக்கவில்லை.

அரசியலமைப்பைப் பாருங்கள். இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர் என்று மூன்று சமூகங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. வாழ்க்கைமுறையைப் பார்த்தால் இந்த மூன்றில் எதிலும் சேராதவராகத் தெரிகிற எல்லாரும் "பொது மக்கள்" என்ற நான்காம் சமூகம். கிரியோல் என்ற சொல்லே கிடையாது. சர்க்கரை ஆலை வைத்திருந்த பிரெஞ்சு வழி வெள்ளைக்காரரும், அவருடைய முன்னோர் அடிமையாக வைத்திருந்தவரின் பேரனும் ஒரே பெட்டிக்குள். 1972க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமூகம் எது என்று கேட்பதையே நிறுத்திவிட்டார்கள், ஆனால் தேர்தலில் கூடுதல் இடம் ஒதுக்குகிற முறை அந்த 1972 எண்ணிக்கையை வைத்தே நடந்தது.

1993இல் ரொஜே செர்வோ என்ற கிரியோல் பாதிரியார் இந்தச் சமூகத்தின் வறுமையையும் ஒதுக்கப்பட்ட நிலையையும் வெளிப்படையாகப் பேசியபோது "கிரியோல் மனக்குமைச்சல்" என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. 1999 பிப்ரவரியில் செகே இசைப் பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்தபோது சில நாட்கள் தீவே பற்றி எரிந்தது. அதனால் இங்கே ஒருவர் "நான் கிரியோல்" என்று சொன்னால் அதில் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைக் "கலப்பினத்தவர்" என்று மொழிபெயர்த்தால் அந்தக் கோரிக்கை முழுக்கக் காணாமல் போகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக, நம்மவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அடிமைகளாக வந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள், சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும். அவர்களுடைய வழியினர் கிரியோல் சமூகத்தில் கலந்துவிட்டார்கள். கத்தோலிக்கரான தமிழர் பலரும் அப்படித்தான். இன்று கிரியோல் என்று அறியப்படுகிற குடும்பங்களில் தமிழ்க் குடும்பப் பெயர் இருப்பது இங்கே அதிசயம் இல்லை. "நாம் வேறு, அவர்கள் வேறு" என்று இங்கே உள்ள சில தமிழர் பேசும்போது இதை யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடலோடி எழுதியது:

கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் ஃப்ரீடவுன் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சியரா லியோனில் சந்தையிலும் துறைமுகத்திலும் யாரைப் பார்த்தாலும் க்ரியோ மொழி பேசுவார்கள், வேறு வேறு இனத்தார் தங்களுக்குள் பேச அதுதான் வழி. ஆனால் க்ரியோ மக்கள் என்போர் மக்கள்தொகையில் ரொம்பச் சிறிய பங்கு. அவர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலிருந்தும் நோவா ஸ்கோஷியாவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட விடுதலை பெற்ற கறுப்பர்கள், பிறகு அடிமைக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் கடற்படை மீட்டு இறக்கியவர்கள், இவர்களின் வழியினர். கதிர் சொன்ன மொரீஷியஸ் நிலைதான் அங்கேயும்: மொழி நாடு முழுவதற்கும், பெயர் ஒரு சிறு கூட்டத்துக்கு. ஒரு வித்தியாசம், அங்கே க்ரியோ மக்கள் ரொம்ப காலம் படித்த, உத்தியோகம் பார்த்த மேல்தட்டாக இருந்தவர்கள். ஆகவே பெயர் சுமக்கிறவர் எப்போதும் கீழே இருப்பவர் என்றும் சொல்லிவிட முடியாது.

ஹூஸ்டன்_மணி எழுதியது:

இழை போப்பாண்டவர் செய்தியில் தொடங்கியதால் லூசியானா பற்றி நான் எழுதுகிறேன். ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் காரில் போய்விடலாம், அங்கே எனக்குப் பழக்கமானவர்கள் உண்டு.

அங்கே முதலில் பொருள் நிறத்தைப் பார்க்கவில்லை. 1718இல் நகரம் உண்டானது, பிரெஞ்சு, பிறகு ஸ்பானியம், பிறகு 1803இல் அமெரிக்கா விலைகொடுத்து வாங்கியது. வாங்கியதும் ஆங்கிலம் பேசுகிற அமெரிக்கர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு எதிரே, பிரெஞ்சு பேசுகிற, கத்தோலிக்கரான, இந்த மண்ணில் பிறந்த எல்லாரும் கிரியோல். வெள்ளையர் இருந்தார்கள், அடிமைகள் இருந்தார்கள், நடுவில் "நிறமுள்ள சுதந்திர மக்கள்" என்ற கூட்டமும் இருந்தது, கொத்தனார், தையல்காரர், இசைக்கலைஞர், சொத்துக்காரர் என்று. உள்நாட்டுப் போர் முடிந்து நிறவெறிச் சட்டங்கள் இறுகியபோது வெள்ளைக் கிரியோல்கள் பலர் "கிரியோல் என்றால் தூய வெள்ளையர் மட்டும்" என்று மேடை போட்டுப் பேசத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் தங்களைக் கறுப்பரோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. இன்று அதே நகரத்தில் கிரியோல் என்றால் பெரும்பாலும் அந்த நடுக்கூட்டத்தின் வழியினரைத்தான் நினைக்கிறார்கள்.

1892 ஜூனில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் வெள்ளையருக்கு ஒதுக்கிய ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். வேண்டுமென்றே சட்டத்தைச் சோதிக்க நியூ ஆர்லியன்ஸ் கிரியோல்கள் குழு அமைத்துச் செய்த ஏற்பாடு அது. அவருடைய முன்னோரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, அவரே சொன்னதால்தான் நடத்துநருக்குத் தெரிந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் "தனித்தனி, ஆனால் சமம்" என்று தீர்ப்புச் சொல்லி அவருடைய கோரிக்கையைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் கறுப்பரின் கழுத்தை நெரித்தது.

போப்பாண்டவரின் பாட்டன் பாட்டியும் இந்தக் கூட்டத்தினர்தான். 1900ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பர் என்று பதிவாகியிருக்கிறது, பிறகு சிகாகோவுக்குப் போனபின் வந்த கணக்கெடுப்பில் வெள்ளையர் என்று இருக்கிறது. அப்படி ஊர் மாறி நிறப் பதிவும் மாறிய குடும்பங்கள் ஏராளம். அப்புறம், அந்தப் பகுதியில் "கூரி-வினி" என்ற லூசியானா கிரியோல் மொழி ஒன்றும் உண்டு, ஆனால் கிரியோல் என்று சொல்லிக்கொள்கிறவரில் பெரும்பாலோர் இன்று ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். 1921இல் மாநில அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும் என்று சட்டம் போட்டதோடு பிரெஞ்சும் கிரியோலும் வீட்டுக்குள் ஒடுங்கின. வாட்ஸ்அப் செய்தியில் "கிரியோல் மொழி பேசும்" என்று போட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கேஜன்களையும் இவர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் 1755 முதல் கனடாப் பக்கத்து அகேடியாவிலிருந்து ஆங்கிலேயர் துரத்திவிட்ட பிரெஞ்சுக்காரர்களின் வழியினர்.

மட்டுநகரான் எழுதியது:

எல்லாரும் கடல் தாண்டித் தாண்டி எழுதுறீங்கள், எங்கட ஊரையும் ஒருக்கா பாருங்கோ. மட்டக்களப்பில் பறங்கியர் என்று ஐரோப்பியர் வழிவந்த ஒரு சமூகம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்து 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினார்கள், ஆனால் அவர்களுடைய மொழி போகவில்லை. இன்றைக்கும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சில குடும்பங்கள் வீட்டில் பேசுவது போர்ச்சுகீசியக் கிரியோல். அவர்கள் அதைக் "கிரியோல்" என்று சொல்வதில்லை, "போர்த்துக்கீசு" என்பார்கள், நாங்கள் பறங்கிப் பாஷை என்போம். அவர்களும் தங்களைக் கிரியோல் என்று சொல்லமாட்டார்கள், பறங்கியர்தான். அந்தப் பெயரை வெளியில இருந்து வந்த ஆய்வாளர்தான் வைத்தது.

எங்கள் வீட்டுக்கு அலமாரி செய்தவர் ஒரு பறங்கித் தச்சர்தான், ஊரில் தச்சு, இரும்பு வேலை, தையல் எல்லாம் பரம்பரையாக அவர்கள் கை. வேலை செய்துகொண்டே தம்பியோடு பறங்கிப் பாஷையில் கதைப்பார், என்னோடு எங்கள் ஊர்த் தமிழ். அவர் பேசுவதைக் கேட்டால் சொல் போர்ச்சுகீசியம், வசனம் தமிழ்க் கட்டு. வினை கடைசியில்தான் வரும். வீடு "காஸா", வீட்டில் என்பதற்கு "காஸாந்து", எங்கட "இல்" மாதிரி பின்னால் ஒட்டும். போர்ச்சுகீசியத்தில் அது முன்னால வர வேணும். காலம் காட்டுகிற சொல்லை மட்டும் வினைக்கு முன்னால் வைப்பார்கள், இறந்தகாலத்துக்கு "ஜா". முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தமிழரோடு இருந்ததில் மொழி இப்படி வளைந்திருக்கிறது. கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் எங்கட ஆக்களும் போய் ஆடுவார்கள்.

2004 கடல்கோளில் டச்பாரில் இருந்த பறங்கியர் நிறையப் பேர் செத்துப் போனார்கள், மிஞ்சினவர்களை வேறு இடங்களில் குடியேற்றினார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் பேசுவது குறைந்துபோயிற்று. பள்ளிக்கூடம் தமிழ், விளையாட்டு தமிழ், கடை தமிழ்.

சொல்லாய்வி எழுதியது:

மட்டுநகரான், மிக்க நன்றி. இந்தியப் பக்கத்தில் இதே வகை மொழிக்கு இரண்டு முடிவுகள் கண்முன் இருக்கின்றன. கொச்சிக்குப் பக்கத்து வைப்பின் தீவில் போர்ச்சுகீசியக் கிரியோலை நன்றாகப் பேசிய கடைசி மனிதர் 2010இல் இறந்தார், அத்தோடு அந்த மொழி போயிற்று. மகாராஷ்டிரக் கடலோரம் சவுல் கோட்டைக்கு எதிரே கோர்லை என்ற கிராமத்தில் இன்னும் பேசுகிறார்கள், அவர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் "நோ லிங்", நம் மொழி.

வைகைக்கரை எழுதியது:

இத்தனையும் படித்தபிறகு "கலப்பு" என்ற சொல்லை நான் எழுதமாட்டேன். ஆனால் செய்தி எழுதுகிறவர், பாடநூல் எழுதுகிறவர் என்னதான் போடுவது? ஒரு சொல் வேண்டாமா?

செந்தெனி_செல்வி எழுதியது:

தமிழ்ப்படுத்தியே தீரவேண்டும் என்று ஏன்? கிரியோல் என்றே எழுதிவிட்டு எந்த ஊர்க் கிரியோல் என்று முன்னால் சொன்னால் போதும். ரெயூனியன் கிரியோல்கள், மொரீஷியஸின் கிரியோல் சமூகம், நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கிரியோல் குடும்பம், இப்படி. மொழியைச் சொல்லும்போது மறக்காமல் "கிரியோல் மொழி" என்று மொழியைச் சேர்த்துவிடுங்கள்.

போர்ட்லூயி_கதிர் எழுதியது:

நானும் அக்கா பக்கம். ஊர்ப் பெயர் இல்லாமல் கிரியோல் என்று எழுதுவதை மட்டும் தவிர்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மட்டக்களப்புக்கு அதுகூட வேண்டாம், அந்த மக்கள் எப்படி அறியப்படுகிறார்களோ அப்படியே பறங்கியர் என்று எழுதலாம், மொழியை மட்டும் இலங்கைப் போர்ச்சுகீசியக் கிரியோல் என்று சொல்லலாம்.

மட்டுநகரான், அந்தப் பேச்சை யாராவது ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்களா? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது முயற்சி?

மட்டுநகரான் எழுதியது:

லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து வீடு வீடாகப் போய்ப் பாட்டு, கதை, பேச்சு எல்லாம் பதிவுசெய்து அழியும் மொழிகளுக்கான காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் கேட்கலாம். மட்டக்களப்பில் பறங்கியர் சங்கம் ஒன்றும் இருக்கு, 1920களிலிருந்து நடக்கிற சங்கம், ஆட்டமும் பாட்டும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறது. பாட்டு நிற்கும் போலத் தெரியுது, பேச்சு நிற்குமோ என்று எனக்குப் பயம். அந்தத் தச்சரின் பேரப்பிள்ளைகள் கஃப்ரிஞ்ஞா பாட்டெல்லாம் வரி தப்பாமல் பாடுவார்கள், தாத்தா பறங்கிப் பாஷையில் கேட்டால் பதில் தமிழில்தான் வரும். இந்த இழையில் மட்டக்களப்புப் பக்கம் வாறவர்கள் இருந்தால் சொல்லுங்கோ, சங்கத்துக்காரரிடம் கூட்டிக்கொண்டு போறன்.